நோகாத நெஞ்சு: சீனி வருத்தத்துக்குள் ஒளிந்திருந்த மாரடைப்பைத் தேடிய கதை

போன வருசம் பெரியப்பாவுக்குக் கற்றறாக்ட் ஒப்பரேஷனுக்கு நாள் குடுத்திருந்தார்கள். அதுக்கு முன்னம் வழமையாக எடுக்கிற ஈசிஜியை எடுத்த டொக்டர், அந்தத் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஐயா, உங்களுக்கு எப்ப ஹார்ட் அற்றாக் வந்தது?" என்று கேட்டாராம். பெரியப்பா சிரித்திருக்கிறார். "எனக்கோ? எனக்கு ஒருநாளும் வரேல்லையே."

எக்கோ எடுத்துப் பார்த்தபோது இதயத் தசையில் ஒரு பகுதி சரியாக அசையவில்லை. எப்பவோ வந்திருக்கிறது. வந்து, அவருக்கே சொல்லாமல் போயிருக்கிறது.

பெரியம்மாதான் யோசித்து யோசித்துப் பிடித்தா. இரண்டு வருசத்துக்கு முன்னம் கோயில் திருவிழா நேரம், ஒரு இரவு பெரியப்பாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி, மேல்மூச்சு வாங்கியது. நெஞ்சு நோகவில்லை. "வாயுவாத்தான் இருக்கும்" என்று இஞ்சிப் பிளேன்ரீ குடித்துவிட்டுப் படுத்தவர், அடுத்தநாள் எழும்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவருக்குச் சீனி வருத்தம் வந்து பதினேழு வருசம். மாதம் தவறாமல் கிளினிக் போகிற மனுசன். கிளினிக் கொப்பி முழுக்கச் சீனி அளவுகள்தான்.

எனக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை வருசம் ஒவ்வொரு மாதமும் இரத்தம் எடுத்தவர்கள், ஒருக்காவாவது நெஞ்சைத் தேடிப் பார்த்திருக்கலாம்தானே? நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆள், மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கேள்வி எங்கேயிருந்து வந்தது, அதற்கு யார் எப்படிப் பதில் தேடினார்கள் என்று பின்னால் போய்ப் பார்ப்பது எங்கட வேலைதான். அப்படிப் போனபோது கிடைத்த கதை நான் எதிர்பார்த்த கதை இல்லை.

முதலில் இனிப்பு, பிறகுதான் நெஞ்சு

சலரோகத்தை மனிதர் முதலில் கண்டுகொண்டது சலத்தின் இனிப்பால்தான். மதுமேகம் என்ற பழைய பெயரிலேயே தேன் இருக்கிறது. 1776 இல் இங்கிலாந்தின் லிவர்பூலைச் சேர்ந்த மத்தியூ டொப்சன் என்ற மருத்துவர், நோயாளி ஒருவரின் சலத்தை வற்றக் காய்ச்சி, மிஞ்சிய வெள்ளைக் கட்டி சீனி என்று காட்டினார். இரத்தத்திலும் இனிப்பு இருப்பதை அவர் கவனித்திருந்தார். அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு இந்த நோய்க்கு உருப்படியான மருந்து இல்லை. இளவயதில் வந்தவர்கள் சில மாதங்களிலோ ஓரிரு வருசங்களிலோ மயக்க நிலைக்குப் போய் இறந்தார்கள்.

1922 ஜனவரியில் ரொறன்ரோவில் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுப் பெடியனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. பான்ரிங்கும் பெஸ்ற்றும் அதற்கு முந்தின வருசம் தொடங்கிய ஆய்வின் பலன் அது. சாக இருந்தவர்கள் எழும்பி நடந்தார்கள். இந்தப் பகுதி எல்லாருக்கும் தெரிந்த வெற்றிக் கதை.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் அவ்வளவாகக் கதைப்பதில்லை. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் எலியற் ஜொஸ்லின் என்ற மருத்துவர் தன்னிடம் வந்த சலரோகக்காரர் ஒவ்வொருவரையும் பற்றிக் குறிப்பேடு வைத்திருந்தார். அவர்கள் எப்போது, எதனால் இறந்தார்கள் என்பதையும் அதில் பதிந்தார். இன்சுலின் வந்த பிறகு அந்தக் குறிப்புகளில் ஒரு மாற்றம் தெரிந்தது. மயக்கத்தில் இறப்போர் குறைந்துகொண்டே போனார்கள். இரத்தக் குழாய் தடித்து, அடைத்து இறப்போரின் பங்கு கூடிக்கொண்டே வந்தது. இன்சுலின் ஆட்களை நீண்டநாள் வாழவைத்தது. அந்த நீண்ட வாழ்வுக்குள், சீனி வருத்தம் இரத்தக் குழாய்களில் செய்கிற மெதுவான வேலையும் வெளியில் தெரிய வந்தது.

ஒரு சின்ன நகரமும் ஒரு பெரிய கணக்கும்

1948 இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் பிரேமிங்ஹாம் என்ற நகரத்தில் ஒரு ஆய்வு தொடங்கியது. 30 முதல் 62 வயது வரையான 5,209 பேரைச் சேர்த்தார்கள். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, பிறசர், கொலஸ்ரரோல், ஈசிஜி என்று எல்லாம் பார்த்து எழுதினார்கள். வருத்தம் வந்த பிறகு பார்க்கிற வழக்கத்தை விட்டு, வர முன்னம் இருந்தே ஒரு ஊரையே பார்த்துக்கொண்டிருப்பது என்பதுதான் அங்கே நடந்த புதுமை. இண்டைக்கு நாங்கள் சாதாரணமாகச் சொல்கிற "ஆபத்துக் காரணி" என்ற சொல்லை மருத்துவ உலகில் பரப்பியது இந்த ஆய்வுதான்.

சீனி வருத்தம் பற்றி அங்கே இரண்டு விசயம் தெரிய வந்தது. முதலாவது, 1979 இல் வில்லியம் கனல் என்பவரும் இன்னொருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை: சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு. பெண்களுக்கு இந்தக் கூடுதல் இன்னும் அதிகம். "பொம்பிளையளுக்கு மாரடைப்பு வராது" என்று எங்கட ஊரில் இன்னும் சொல்கிறவர்கள் இதை ஒருக்கா வாசிக்கவேணும்.

இரண்டாவது, 1984 இல் வந்தது. 30 வருச ஈசிஜிகளை அடுக்கிப் பார்த்தபோது, அங்கே நடந்த மாரடைப்புகளில் 25 வீதத்துக்கும் மேற்பட்டவை வழமையான பரிசோதனை ஈசிஜியில் மட்டுமே தெரிய வந்திருந்தன. அவற்றில் ஏறக்குறைய பாதி முழு மௌனம். மிச்சப்பேர் ஏதோ ஒன்றை உணர்ந்தும் அதை மாரடைப்பு என்று யாரும் நினைக்கவில்லை. பெரியப்பாவின் இஞ்சிப் பிளேன்ரீ இரவு இந்த இரண்டாவது வகைக்குள்தான் வரும்.

ஏன் நோகவில்லை?

சீனி வருத்தம் உள்ளவர்களிடம் நெஞ்சுநோ இல்லாத மாரடைப்பு அதிகம் என்பதை 1960களிலேயே மருத்துவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். காரணம் என்ன என்பதற்கு ஒரு விடை 1977 இல் வந்தது. நோவில்லாமல் மாரடைப்பு வந்து இறந்த சலரோகக்காரர் சிலரின் இதயத்தைப் பிரேத பரிசோதனையில் ஆராய்ந்தபோது, இதயத்துக்குப் போகிற தன்னியக்க நரம்புகள் சிதைந்திருந்தன.

எங்கட வீடுகளில் இதன் இன்னொரு முகம் எல்லாருக்கும் தெரியும். சீனி கூடினவர்களுக்குக் கால் விறைக்கும். முள் குத்தினாலும் தெரியாது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடப்பார்கள். அதே நரம்பு நோய் நெஞ்சுக்கும் போகும். காலில் காயம் வந்தால் கண்ணால் பார்க்கலாம். நெஞ்சில் வந்தால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆகவே கேள்வி இயல்பாக எழுந்தது: உடம்பு சொல்லாதென்றால், நாங்களே தேடிப் போனால் என்ன?

எல்லாரையும் தேடுவோம் என்ற காலம்

1998 இல் பின்லாந்துத் தரவுகளை வைத்து வந்த ஒரு கட்டுரை மருத்துவ உலகை உலுக்கியது. ஸ்ரீபன் ஹவ்னர் முதலாசிரியர். ஏழு வருசம் பார்த்ததில், முன்பு மாரடைப்பு வந்த, சீனி வருத்தம் இல்லாதவர்களில் 18.8 வீதமானோருக்கு மாரடைப்பு வந்தது. சீனி வருத்தம் உள்ள, ஆனால் முன்பு மாரடைப்பே வராதவர்களில் அது 20.2 வீதம். அதாவது சீனி வருத்தம் இருந்தாலே ஏற்கனவே ஒரு மாரடைப்பு வந்தவருக்குச் சமம் என்ற கருத்து பிறந்தது. 2001 இல் அமெரிக்கக் கொலஸ்ரரோல் வழிகாட்டி அதை ஏற்றுக்கொண்டது.

அதே 1998 இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் கூட்டிய நிபுணர் மாநாடு ஒன்று, அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், வேறு இரண்டு ஆபத்துக் காரணிகள் இருந்தால் சலரோகக்காரருக்கு இதயப் பரிசோதனை செய்யலாம் என்றது. நியாயமாகத்தான் படுகிறது, இல்லையா? நானும் அந்த இடத்தில் "பார், இதைத்தானே நானும் சொன்னன்" என்று நினைத்தேன்.

ஆனால் ஸ்கிறீனிங் என்பதற்கு ஒரு பழைய எச்சரிக்கை இருக்கிறது. 1968 இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இரண்டு பேர் பத்து விதிகள் எழுதினார்கள். நோயைத் தேடுவதற்கு முன்னம் சில கேள்விகளுக்குப் பதில் இருக்கவேணும்: கண்டுபிடித்தால் குடுக்க மருந்து இருக்கிறதா? யாருக்குக் குடுப்பது என்று தெளிவா? செலவுக்கு ஏற்ற பலன் இருக்கிறதா? சும்மா "கண்டுபிடித்தோம்" என்பது நோயாளிக்கு ஒரு நன்மையும் இல்லை என்பதுதான் அந்தப் பத்து விதிகளின் சாரம்.

தேடிப் பார்த்தவர்கள், பார்க்காதவர்கள்

இந்த விதிகளை நேரடியாகச் சோதித்தது டயட் என்ற ஆய்வு. 2000 முதல் 2002 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 14 நிலையங்களில், 50 முதல் 75 வயதான 1,123 சலரோகக்காரரைச் சேர்த்தார்கள். ஒருவருக்கும் நெஞ்சுநோவோ வேறு இதய அறிகுறியோ இல்லை. குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு இதயத்துக்கு இரத்தம் ஓடுவதைப் படம் பிடிக்கிற அணுக்கருவிப் பரிசோதனை. மற்றப் பாதிக்கு ஒன்றுமில்லை, வழமையான வைத்தியம் மட்டும்.

பரிசோதித்த 522 பேரில் 113 பேருக்கு, அதாவது 22 வீதத்தினருக்கு, ஏதோ ஒரு குறை தெரிந்தது. ஐந்தில் ஒருவருக்கு மேல்! இதோடு கதை முடிந்திருந்தால் எல்லாருக்கும் பரிசோதனை என்று சட்டமே வந்திருக்கும். ஆனால் அவர்கள் ஏறக்குறைய ஐந்து வருசம் பொறுத்திருந்து எண்ணினார்கள். முடிவு 2009 இல் வந்தது.

பரிசோதித்த பக்கம்: உயிர் தப்பிய மாரடைப்பு 7, இதயத்தால் மரணம் 8. பரிசோதிக்காத பக்கம்: மாரடைப்பு 10, மரணம் 7. வீதத்தில் சொன்னால் 2.7 உம் 3.0 உம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் நான் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டேன். என்ர கோபத்துக்கு அடியில் இருந்த நம்பிக்கையே "தேடியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம்" என்பதுதான். தேடினவர்களும் தேடாதவர்களும் ஒரே மாதிரித்தான் என்றால் நான் யாரில் கோபப்படுவது?

ஏன் இப்படி என்பதற்கு வேறு ஆய்வுகள் துணை நிற்கின்றன. மாரடைப்பைக் கொண்டுவருவது எப்போதும் மிக ஒடுங்கின இடம் இல்லை. குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு ஒன்று வெடித்து, அதன்மேல் இரத்தம் கட்டி அடைப்பதால்தான் பெரும்பாலும் வருகிறது. அந்தத் திட்டு ஸ்ட்ரெஸ் ரெஸ்ற்றில் பிடிபடாத அளவுக்குச் சின்னதாகவும் இருக்கலாம். இன்னொன்று, ஒடுக்கத்தைக் கண்டுபிடித்து ஸ்ரென்ற் வைத்தாலோ பைபாஸ் செய்தாலோ ஆயுள் கூடுமா என்பது. சலரோகக்காரர் 2,368 பேரை வைத்துச் செய்த பாரி 2டி என்ற ஆய்வும் அதே 2009 இல்தான் வந்தது. நிலையான இதயநோய் உள்ளவர்களில், உடனே அடைப்பை எடுத்தவர்களுக்கும் நல்ல மருந்தோடு இருந்தவர்களுக்கும் மொத்த மரணத்தில் வேறுபாடு இல்லை.

பின்லாந்துச் சமன்பாடும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. 13 ஆய்வுகளை, 45,108 பேரைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வும் 2009 இல் வந்தது. முதலாசிரியரின் பெயர் புலுகஹபிட்டிய என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சீனி வருத்தம் மட்டும் உள்ளவரின் ஆபத்து, ஏற்கனவே மாரடைப்பு வந்தவரின் ஆபத்தைவிட 43 வீதம் குறைவு என்பது அதன் முடிவு. ஆபத்து இல்லை என்று அது சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை என்றுதான் சொன்னது.

அப்ப எது வேலை செய்தது?

டயட் ஆய்வில் ஒரு சின்ன விசயத்தைக் கவனிக்கவேணும். ஆய்வு நடந்த காலத்தில் இரண்டு பக்கத்திலும் கொலஸ்ரரோல் மருந்து, பிறசர் மருந்து, அஸ்பிரின் எடுப்பவர்களின் எண்ணிக்கை ஒரே மாதிரிக் கூடியிருந்தது. அதனால்தான் இரண்டு பக்கமும் மரணம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. படம் பிடித்த கருவி காப்பாற்றவில்லை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்த குளிசை காப்பாற்றியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அந்தக் குளிசைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973 இல் ஒரு பூஞ்சையிலிருந்து கொலஸ்ரரோலைக் குறைக்கிற பொருளைக் கண்டார். ஸ்ரற்றின் மருந்துகளின் தொடக்கம் அதுதான். 2004 இல் வந்த காட்ஸ் ஆய்வில், இதயநோய் இல்லாத 2,838 சலரோகக்காரருக்கு அற்றோவஸ்ரற்றின் 10 மில்லிகிராம் அல்லது வெறும் குளிசை குடுத்தார்கள். பெரிய இதய, பக்கவாத நிகழ்வுகள் 37 வீதம் குறைந்தன. பலன் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை இரண்டு வருசம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். டென்மார்க்கில் 160 பேரை மட்டும் வைத்து நடந்த ஸ்ரெனோ-2 ஆய்வில், சீனி, பிறசர், கொலஸ்ரரோல், சாப்பாடு, புகைத்தல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கவனித்தபோது இதய நிகழ்வுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

இதற்குப் பிறகு வழிகாட்டிகள் மாறின. அறிகுறி இல்லாத எல்லாருக்கும் ஸ்ட்ரெஸ் ரெஸ்ற் வேண்டாம். ஆபத்தைக் கணக்கிட்டு அதற்கு மருந்து குடு என்றார்கள். கணக்குக்குத் தேவை வயது, பால், புகைக்கிறவரா, பிறசர், கொலஸ்ரரோல், சீனி வருத்தம் உண்டா என்பதுதான். 2007 இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு நிற அட்டவணை வெளியிட்டது. பச்சை என்றால் அடுத்த பத்து வருசத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு 10 வீதத்துக்குக் குறைவு. மஞ்சள், செம்மஞ்சள் என்று போய் கடும் சிவப்பில் 40 வீதத்தைத் தாண்டும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குத் தனிப் பக்கம். கோடிக்கணக்கில் கருவி வேண்டாம், ஒரு மட்டையும் பேனையும் போதும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேணும். இதெல்லாம் *அறிகுறி இல்லாதவர்களுக்கு*. சீனி வருத்தம் உள்ள ஒருவருக்குத் திடீரென்று வேர்வை, மூச்சு வாங்கல், காரணமில்லாத களைப்பு, தாடை, தோள், மேல்வயிற்றில் நோ என்று வந்தால், அது ஸ்கிறீனிங் இல்லை, அவசரம். இஞ்சிப் பிளேன்ரீ வைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்.

எங்களை யார் எண்ணினது?

இலங்கையில் 2005-2006 இல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் பெயரிலேயே நீரிழிவும் இதயமும் சேர்ந்திருக்கிறது. 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்குச் சீனி வருத்தம், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது என்று அது சொன்னது. நாட்டின் கணக்காக அந்த எண் எல்லா இடமும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அது எடுக்கப்பட்டது ஏழு மாகாணங்களில். யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை.

அந்த வரியை வாசித்தபோது எனக்கு அப்பாச்சியின் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஈரமணல் போட்ட மண்பானைக்குள் இன்சுலின் போத்தலை வைத்துக் காப்பாற்றினவ. அவ எந்த ஆய்வின் எந்த அட்டவணையிலும் இல்லை. பிரேமிங்ஹாமில் 5,209 பேரை இரண்டு வருசத்துக்கு ஒருக்கா கூப்பிட்டு எழுதிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில்தான் இவவும் வாழ்ந்தா.

தெற்காசியர் பற்றி ஒரு எண் மட்டும் எங்களையும் தொடுகிறது. 52 நாடுகளில் நடந்த இன்ரர்ஹாட் ஆய்வில் இலங்கையும் இருந்தது. 2007 இல் வந்த அதன் தெற்காசியக் கட்டுரைப்படி, எங்கட பக்கத்தில் முதல் மாரடைப்பு வருகிற சராசரி வயது 53. மற்ற நாடுகளில் 58.8. ஏறக்குறைய ஆறு வருசம் முந்தி வருகிறது.

2011 இல் இருந்து அரச ஆஸ்பத்திரிகளில் ஹெல்தி லைஃப்ஸ்ரைல் சென்ரர்கள் திறக்கப்பட்டன. அங்கே பார்ப்பதும் அந்த நிற அட்டவணைக் கணக்குத்தான், அதுவும் இலவசமாக. ஆம்பிளைகள் போவது குறைவு என்பது எல்லாருக்கும் தெரிந்த குறை. பெரியப்பாவும் போனதில்லை. "எனக்கென்ன வருத்தம்?" என்றுதான் சொல்லுவார்.

கடைசியில் அவரின் கிளினிக் கொப்பியை நான் முதல் பக்கத்தில் இருந்து வாசித்தேன். வரலாறு படிக்கிறவருக்கு அதுவும் ஒரு ஆவணம்தானே. ஸ்ரற்றின் குளிசை பல வருசமாக எழுதியிருந்தது. 2022 இல், மருந்துத் தட்டுப்பாடு நேரம், பக்கத்தில் "வெளியில் வாங்கவும்" என்று எழுதியிருந்தது. கேட்டேன். "அப்ப பெற்றோலுக்கே காசில்லை மகள். சீனிக்குளிசையை வாங்கினன், கொழுப்புக் குளிசைய விட்டிட்டன். நோ ஒண்டும் இல்லைத்தானே" என்றார். பிறகு மருந்து வந்த போதும் அவர் திரும்பத் தொடங்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அதனால்தான் மாரடைப்பு வந்தது என்று என்னால் சொல்ல முடியாது, ஒரு ஆளை வைத்து அப்படிச் சொல்லக்கூடாது என்பதைத்தான் இந்த ஆய்வுகள் எல்லாம் எனக்குப் படிப்பித்தன. ஆனால் என்ர கோபம் இடம் மாறிவிட்டது. நான் தேடியது எடுக்காமல் விட்ட ஒரு ஸ்கானை. கொப்பியில் இருந்தது எடுக்காமல் விட்ட ஒரு குளிசை.

அம்மாவுக்கும் சீனி வருத்தம் வந்து ஒன்பது வருசம். போன மாதம் நானும் அவவோடு சென்ரருக்குப் போனேன். அந்த மட்டையில் அம்மா எந்த நிறம் என்று இங்கே எழுதமாட்டேன், அது அவவின்ர விசயம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா கேட்டா: "நோ ஒண்டும் இல்லாம இந்தக் குளிசைய எவ்வளவு காலம் போடுறது?"

பெரியப்பாவுக்கும் நோ ஒன்றும் இருக்கவில்லைதானே அம்மா என்றேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் குளிசைப் பையை எடுத்துச் சாமிப்படத் தட்டில், திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தா. அங்கே வைத்தால்தான் மறக்கமாட்டாவாம்.